அயர்லாந்தின் கிராமக் கலவரங்களும் ஆயுதப் பொலிஸின் தோற்றமும்

1831ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி, அயர்லாந்தின் கில்கெனி மாவட்டத்தில் உள்ள கரிக்ஷாக் என்ற இடத்தில், கற்சுவர்களுக்கு இடைப்பட்ட குறுகலான ஒழுங்கை ஒன்றினுள் சுமார் 40 பொலிஸார் சிக்கிக்கொண்டனர். நீதிமன்ற அறிவித்தல்களை வீடுவீடாக ஒப்படைக்கும் ஊழியர் ஒருவருக்குப் பாதுகாப்பாக அவர்கள் சென்றுகொண்டிருந்தனர். அந்த அறிவித்தல்கள் திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய வரியைக் கட்டாத விவசாயிகளுக்கு உரியவை.

மண்வெட்டிகளுடனும் தடிகளுடனும் கற்களுடனும் திரண்டிருந்த கிராமத்தவர்கள் அந்த ஊழியரைத் தங்களிடம் விட்டுவிடுமாறு கேட்டனர். பொலிஸ் அதிகாரி மறுத்தார். துப்பாக்கிகளுக்கு மீண்டும் மருந்து நிரப்ப அவகாசமில்லாத நெருக்கத்தில் மோதல் மூண்டது. சில நிமிடங்களில் 17 பேர் உயிரிழந்தனர். அவர்களில் மூவர் மட்டுமே கிராமத்தவர்கள். அதிகாரியும் அந்த ஊழியரும் இறந்தவர்களில் அடங்குவர்.

குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மறு ஆண்டில் நீதிமன்றத்தில் வாதாடியவர் கத்தோலிக்கர்களின் மாபெரும் அரசியல் தலைவரான டேனியல் ஓ'கொனல். ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை.

நவீன பொலிஸ் சேவை 1829இல் லண்டனில் றொபட் பீல் என்ற அமைச்சரால் தோற்றுவிக்கப்பட்டது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே, அதே பீல், அயர்லாந்தின் கிராமங்களுக்கென வேறு வகையான ஒரு படையை உருவாக்கியிருந்தார். லண்டன் பொலிஸார் கையில் தடியுடன் வீதியில் நடந்தனர். அயர்லாந்துப் பொலிஸார் துப்பாக்கியுடன் முகாம்களில் இருந்தனர். இந்த வேறுபாட்டின் காரணத்தை அயர்லாந்தின் வயல்களில்தான் தேட வேண்டியுள்ளது.

நிலமும் தசமபாகமும்

1798இல் நிகழ்ந்த கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்ட பின்னர், 1801 ஜனவரி முதலாம் திகதி அயர்லாந்து பிரிட்டனுடன் சட்டப்படி இணைக்கப்பட்டது. டப்ளினில் இருந்த நாடாளுமன்றம் மூடப்பட்டது. லண்டன் நியமித்த ஆளுநரும் பிரதம செயலரும் டப்ளின் கோட்டையிலிருந்து நாட்டை நிர்வகித்தனர்.

நிலம் பெரும்பாலும் புரட்டஸ்தாந்து நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. அவர்களிடமிருந்து பெரிய குத்தகைக்காரர்களும், அவர்களிடமிருந்து சிறு விவசாயிகளும், எல்லோருக்கும் அடியில் ஒரு பருவத்துக்கு மட்டும் உருளைக்கிழங்கு நடுவதற்குத் துண்டு நிலம் எடுக்கும் கூலிகளும் இருந்தனர். 1821இல் சுமார் 68 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1841இல் 80 இலட்சத்தைத் தாண்டியது. நெப்போலியனுடனான போர் 1815இல் முடிந்ததும் தானிய விலை சரிந்தது. குத்தகைப் பணமோ அந்த வேகத்தில் குறையவில்லை. பல நிலப்பிரபுக்களுக்குப் பயிரைவிட மேய்ச்சல் இலாபகரமாகத் தெரிந்தது. கூலிக் குடும்பத்துக்கு உழுநிலம் மேய்ச்சல் தரையாக மாறுவது பட்டினிக்கு ஒப்பானது.

இதற்கு மேல் தசமபாகம் வந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கில், அரசின் அங்கீகாரம் பெற்ற அங்கிலிக்கன் திருச்சபைக்கு எல்லோரும் செலுத்த வேண்டிய வரி அது. 1834இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கத்தோலிக்கர்கள். அங்கிலிக்கன் திருச்சபையினர் பத்தில் ஒரு பங்கு அளவே. தாம் ஒருபோதும் கால் வைக்காத கோவிலின் குருவுக்கு, தமது உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து ஒரு பகுதியைக் கத்தோலிக்க ஏழைகள் கொடுக்க வேண்டியிருந்தது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மேய்ச்சல் நிலங்களுக்கு 18ஆம் நூற்றாண்டு முதல் இவ்வரியிலிருந்து நடைமுறையில் விலக்கு இருந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான மாடுகளை வைத்திருந்தவர் தப்பினார். கால் ஏக்கரில் கிழங்கு நட்டவர் கட்டினார்.

இரவின் சட்டம்

1761இல் டிப்பெரரி மாவட்டத்தில் வெள்ளைச் சட்டை அணிந்து இரவில் இறங்கிய 'வெள்ளைப் பையன்கள்' தொடக்கம், த்ரெஷர்கள், கார்டர்கள், றிபன்காரர்கள், ரொக்கைட்டுகள், டெரி ஆல்ட்டுகள் எனப் பல பெயர்களில் இரகசியக் குழுக்கள் தோன்றி மறைந்தன. பெயர்கள் மாறினாலும் முறை பெரிதாக மாறவில்லை. முதலில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கதவில் ஒட்டப்படும். பின்னர் வேலி பிடுங்கப்படும், வைக்கோல் போர் எரியும், மாட்டின் குதிகால் நரம்பு வெட்டப்படும். அதற்கும் பணியாதவர் தாக்கப்படுவார். கம்பளி வாரும் இரும்புப் பற்கள் கொண்ட சீப்பால் மனித உடலைக் கிழிக்கும் கொடூரமும் இருந்தது. கார்டர்கள் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

இக்குழுக்களைக் கத்தோலிக்கர்களின் மத எழுச்சியாக மட்டும் காண்பது பொருந்தாது. 1806ஆம் ஆண்டளவில் மேற்குப் பகுதியில் இயங்கிய த்ரெஷர்கள் அங்கிலிக்கன் தசமபாகத்தை மட்டுமன்றி, கத்தோலிக்கக் குருமார் பெற்ற கட்டணங்களையும் எதிர்த்தனர். அதே காலத்தில் தெற்கில் கரவட், ஷனவெஸ்ட் என்ற இரு அணிகள் மோதிக்கொண்டன. அவை கத்தோலிக்கர்களுக்குள்ளேயே கூலிகளுக்கும் வசதியான விவசாயிகளுக்கும் இடையிலான பிளவு என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். கிளேர் மாவட்டத்தில் 1831இல் டெரி ஆல்ட்டுகள் நூற்றுக்கணக்கில் திரண்டு மேய்ச்சல் தரைகளை மண்வெட்டியால் கொத்திப் புரட்டினர். புல் அழிந்தால் அந்த நிலத்தைக் கிழங்கு நடக் கொடுப்பதைத் தவிர உரிமையாளருக்கு வேறு வழியில்லை என்பது அவர்களது கணக்கு.

1836இல் இக்கலவரங்களைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேய அரசியல்வாதி ஜோர்ஜ் கோர்ன்வால் லூயிஸ், விவசாயிகளைக் காக்கும் ஒரு பரந்த தொழிற்சங்கத்துக்கே இவற்றை ஒப்பிட்டார். ஒப்பீடு பொருத்தமானதே. ஆயினும் அது முழுமையானது அல்ல. லவுத் மாவட்டத்தில் வைல்ட்கூஸ் லொட்ஜ் என்ற வீட்டைத் தாக்கியவர்களை அடையாளம் காட்டியதால் மூவர் தூக்கிலிடப்பட்டனர். அதற்குப் பழிவாங்க 1816 அக்டோபர் 30ஆம் திகதி இரவு அந்த வீடு கொளுத்தப்பட்டது. கைக்குழந்தை உட்பட எட்டுப் பேர் கருகினர். அவர்கள் நிலப்பிரபுக்கள் அல்லர். அயலிலேயே வாழ்ந்த கத்தோலிக்கர்கள். அந்த வழக்கில் பின்னர் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் குற்றவாளிகள் என்ற ஐயம் இன்றுவரை நீடிக்கிறது.

ஊர் மௌனம் காத்தது அனுதாபத்தால் மட்டுமல்ல, அச்சத்தாலும்தான். இவ்விரண்டையும் பிரித்தறிய அரசால் ஒருபோதும் முடியவில்லை.

பீலின் படை

அரசிடம் இருந்த கருவிகள் மிகச் சில. மாவட்ட நிர்வாகம் நீதவான்களின் கையில் இருந்தது. அவர்கள் சம்பளம் பெறாத உள்ளூர் நிலப்பிரபுக்கள். சிலர் தசமபாகம் பெறும் குருமாரே. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே நீதவான் ஆசனத்திலும் அமர்ந்தார். அவர்களுக்குக் கீழிருந்த கிராமக் காவலர்கள் பயிற்சியற்ற, பெரும்பாலும் பகுதிநேரப் பணியாளர்கள். கலவரம் என்றால் இராணுவமோ, யோமன்றி எனப்பட்ட உள்ளூர் ஆயுதத் தொண்டர் படையோ அழைக்கப்படும். பெரிதும் புரட்டஸ்தாந்தினரைக் கொண்ட யோமன்றி எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. 1796இல் கொண்டுவரப்பட்டு அவ்வப்போது புதுப்பிக்கப்பட்ட கிளர்ச்சிச் சட்டத்தின் கீழ், சூரியன் மறைந்த பின் வீட்டுக்கு வெளியே காணப்பட்டவரை ஜூரிகள் இன்றி விசாரித்து ஏழாண்டு நாடுகடத்தவும் முடிந்தது.

1812 முதல் 1818 வரை அயர்லாந்தின் பிரதம செயலராக இருந்த பீல், பதவியேற்றபோது 24 வயதேயானவர். 1814இல் அவர் நிறைவேற்றிய சட்டத்தின்படி, ஒரு பகுதியை 'அமைதி குலைந்த பகுதி' என ஆளுநர் பிரகடனம் செய்யலாம். உடனே சம்பளம் பெறும் தலைமை நீதவான் ஒருவர் தமது ஆயுதப் படையுடன் அங்கு அனுப்பப்படுவார். அந்த ஆண்டு செப்டம்பரில் டிப்பெரரியின் மிடில்தேர்ட் பகுதியில் இப்படை முதன்முதலாக இறங்கியது. பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களைக் கொண்ட இவர்களை மக்கள் 'பீலர்கள்' என்று அழைத்தனர். 1822 வாக்கில் நாட்டின் ஏறக்குறைய பாதி மாவட்டங்களுக்கு இப்படை சென்றிருந்தது.

இச்சட்டத்தின் ஒரு விதி தனிக் கவனத்துக்குரியது. படையின் செலவை அந்தப் பகுதி மக்களே வரியாகச் செலுத்த வேண்டும். குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காத ஊருக்கு அபராதம் என்பதே இதன் உட்பொருள். செலவைக் குறைக்க நீதவான்கள் விரைந்து செயற்படுவார்கள் என்றும் பீல் எதிர்பார்த்தார். ஆனால் வரியின் சுமையால் சினமுற்ற மக்களுக்கு மேலும் ஒரு வரி விதிப்பது எவ்வாறு அமைதியைக் கொண்டுவரும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. 1817இல் செலவின் ஒரு பகுதியை அரசே ஏற்கலாம் எனத் திருத்தம் செய்யப்பட்டது.

தமிழருக்குத் தெரிந்த ஓர் ஆளுநர்

1821இல் லிமரிக் மாவட்டத்தின் மேற்கில், ஒரு பெரும் பண்ணையில் முகவர் காட்டிய கெடுபிடிகளை அடுத்து, 'கப்டன் ரொக்' என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் கலவரம் வெடித்துத் தெற்கு மாவட்டங்களுக்குப் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் ஆளுநராக வந்தவர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. தமிழ் வாசகர்களுக்கு இவர் புதியவர் அல்லர். 1798 முதல் 1805 வரை கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை ஆளுநராக இருந்தவர். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டதும், கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை கம்பனியிடம் சென்றதும் இவர் காலத்திலேயே. அயர்லாந்தில் பிறந்த இவர், தாயகத்தில் கத்தோலிக்கர்களுக்குச் சம உரிமை தேவை என்று வாதிட்டவர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இவரது ஆட்சியில், 1822இல், மாவட்டந்தோறும் நிரந்தரப் பொலிஸ் படை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. நியமன அதிகாரம் முழுவதையும் டப்ளினுக்குக் கொண்டுவரும் முயற்சியை நிலப்பிரபுக்கள் எதிர்த்தனர். இறுதியில் சமரசம் ஏற்பட்டது. மேலதிகாரிகளை அரசு நியமிக்கும். சாதாரணக் காவலர்களை உள்ளூர் நீதவான்கள் தெரிவு செய்வார்கள். கரிக்ஷாக் ஒழுங்கையில் இறந்தவர்கள் இந்தப் படையைச் சேர்ந்தவர்களே.

தசமபாகப் போர்

1823இல் தசமபாகத்தை நிலையான பணத்தொகையாக மாற்ற ஒரு சட்டம் வந்தது. அது மேய்ச்சல் நிலங்களுக்கு இருந்த விலக்கை நீக்கியது. நியாயமான சீர்திருத்தம்தான். ஆனால் அதுவரை ஒதுங்கியிருந்த வசதியான விவசாயிகளையும் அது எதிர்ப்பணிக்குத் தள்ளியது. 1829இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்ற உரிமை கிடைத்தபின், மறு ஆண்டில் கில்கெனியின் கிரெய்க்னமனா என்ற ஊரில் வரி மறுப்பு தொடங்கியது. பறிமுதல் செய்யப்பட்ட மாடுகளை ஏலத்தில் எடுக்க எவரும் முன்வரவில்லை.

1831 ஜூனில் வெக்ஸ்போட் மாவட்டத்தின் நியூட்டவுன்பரியில், அத்தகைய ஓர் ஏலத்தின்போது யோமன்றியினர் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆறு மாதங்களில் கரிக்ஷாக் நிகழ்ந்தது. 1834 டிசம்பரில் கோர்க் மாவட்டத்தின் ரத்கோர்மக் அருகே, ஒரு விதவை செலுத்த வேண்டிய 40 ஷில்லிங் பாக்கிக்காகப் படையினர் சுட்டதில் மீண்டும் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அங்கு படையினருடன் வந்திருந்த குருவே வரிக்கு உரியவர், அவரே நீதவானும்கூட.

பொலிஸார் பலர் ஏழை விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். திருச்சபையின் கடன் வசூலிப்பாளர்களாக அவர்களை அனுப்பியதே பொலிஸ் மீதான வெறுப்பின் வேர் என்று கொள்ள இடமுண்டு. எண்ணிக்கையைக் கூட்டுவதால் தீரும் சிக்கல் அல்ல அது.

அதைப் புரிந்துகொண்டவர் ஸ்கொட்லாந்துப் பொறியியலாளரான தொமஸ் டிரமொண்ட். நில அளவைப் பணிக்காக அயர்லாந்தின் மலைகளில் அலைந்தவர்; 1835இல் டப்ளின் நிர்வாகத்தின் துணைச் செயலரானார். 1836ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டப் படைகளை ஒன்றாக்கி, நியமனங்களை நீதவான்களின் கையிலிருந்து முற்றாக எடுத்தது. கத்தோலிக்கர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். காவலர்கள் சொந்த மாவட்டத்தில் பணியாற்ற அனுமதிக்கப்படவில்லை. தசமபாகம் வசூலிக்கப் பொலிஸாரை அனுப்ப அவர் மறுத்தார். அமைதி குலையும் அபாயம் இருந்தால் மட்டுமே அவர்கள் செல்லலாம் என்றார். 1838இல் டிப்பெரரியின் நீதவான்கள் கடும் நடவடிக்கை கோரியபோது, சொத்துக்கு உரிமைகள் இருப்பதைப் போலவே கடமைகளும் உண்டு என்று அவர் பதில் எழுதினார். நிலப்பிரபுக்கள் அதை அவமதிப்பாகவே கருதினர்.

அதே ஆண்டு தசமபாகம் நான்கில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு, நிலப்பிரபுவே செலுத்தும் தொகையாக்கப்பட்டது. அவர் அதைக் குத்தகையுடன் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். வரி மறைந்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஆயினும் திருச்சபைக்காகத் துப்பாக்கியுடன் வீடு தேடிவரும் பொலிஸார் வருவது நின்றது. தசமபாகப் போரும் ஓய்ந்தது. டிரமொண்ட் 1840இல் 42 வயதில் காலமானார்.

அவர் உருவாக்க உதவிய படை நிலைத்தது. 1840களின் பெரும் பஞ்சத்தில் குடியானவர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டபோது காவல் நின்றதும் அப்படையே. 1843இல் சிந்து மாகாணத்தில் சார்ல்ஸ் நேப்பியர் அமைத்த பொலிஸ் இதன் மாதிரியிலானது. அந்த வழியிலேயே 1859இல் சென்னை மாகாணத்துக்கும் 1861இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பொலிஸ் சட்டங்கள் வந்தன.

அயர்லாந்தில் இப்படை 1922இல் கலைக்கப்பட்டது. சுதந்திர அரசு தொடங்கிய புதிய பொலிஸ் சேவையில் பழைய படையின் அதிகாரிகள் சிலருக்கு உயர் பதவி தரப்பட்டதை எதிர்த்து, பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்களே கில்டேர் முகாமில் கலகம் செய்தனர். அதன் பின்னரே அந்தச் சேவை ஆயுதமற்றதாக மாற்றியமைக்கப்பட்டது.