வீக்கம் தணிக்கும் மாத்திரை டெங்குவுக்கு மருந்தாகாது

மழைக்காலம் தொடங்கியதும் நாட்டில் டெங்குக் காய்ச்சல் தலைதூக்குவது வழமையாகிவிட்டது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இந்நோயினால் பாதிக்கப்பட்டனர். டெங்குவில் உயிராபத்தை விளைவிப்பது காய்ச்சலின் வெப்பத்தை விட, குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசிவதேயாகும். அவ்வாறாயின், கசிவைக் குறைக்கும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளை உட்கொண்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடையை வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம் எனக் கருதுகின்றோம்.

உடலில் காயமோ கிருமித்தொற்றோ ஏற்படும்போது ஹிஸ்டமின், புரொஸ்டாகிளான்டின் முதலான இரசாயனப் பதார்த்தங்கள் அவ்விடத்தில் வெளிவிடப்படுகின்றன. புரொஸ்டாகிளான்டின் குருதிக் கலன்களை விரியச் செய்து குருதியோட்டத்தை அதிகரிக்கின்றது. ஹிஸ்டமின், நுண்ணிய கலன்களின் உட்சுவரிலுள்ள கலங்களுக்கிடையே இடைவெளிகளை உண்டாக்குகின்றது. அவற்றினூடாகத் திரவம் வெளியேறுவதனாலேயே வீக்கம் தோன்றுகின்றது.

அஸ்பிரின் புரொஸ்டாகிளான்டின் உற்பத்தியைத் தடுக்கின்றது என்பதை 1971இல் நிரூபித்த பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இபுபுரூபன், டைக்குளோபெனாக் ஆகியனவும் இவ்வாறே செயற்படுகின்றன. விரிந்த கலன்கள் சுருங்கும்போது கசிவும் குறைகின்றது. ஸ்டீரொயிட் மருந்துகளோ பல அழற்சிப் பதார்த்தங்களை ஒருங்கே கட்டுப்படுத்துவதுடன், கலங்களுக்கிடையிலான பிணைப்பையும் இறுக்குகின்றன.

டெங்குவில் நிலைமை வேறு. வைரஸிலிருந்து உருவாகும் என்.எஸ்.1 எனும் புரதமும் உடலின் மிகையான நோயெதிர்ப்புச் செயற்பாடும் சேர்ந்து குருதிக் கலன்களின் உட்படலத்தைப் பாதிக்கின்றன. இக்கசிவை மேற்படி வலிநிவாரணிகள் தடுப்பதில்லை. மாறாக, ஏற்கனவே எண்ணிக்கையில் குறைந்துவரும் குருதிச் சிறுதட்டுகளின் செயற்பாட்டை மழுங்கடித்து, இரைப்பையையும் புண்ணாக்கி, குருதிப்பெருக்குக்கு வழிகோலுகின்றன. ஸ்டீரொயிட்களும் டெங்குவில் பயனளிப்பதாக நிரூபிக்கப்படவில்லை.

எனவே, டெங்கு எனச் சந்தேகிக்கப்படும் காய்ச்சலுக்கு உரிய அளவில் பரசிற்றமோலை மாத்திரமே உட்கொள்ள வேண்டும். இருதய நோய்க்காக அஸ்பிரின் பாவிப்போர் உடனடியாக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். காய்ச்சல் தணிந்துவிட்டது என நிம்மதியடைவதும் தவறாகும். கசிவு பெரும்பாலும் அவ்வேளையிலேயே ஆரம்பிக்கின்றது. கடும் வயிற்றுவலி, தொடர்ச்சியான வாந்தி, சிறுநீர் குறைதல் என்பன தென்பட்டால் தாமதமின்றி வைத்தியசாலையை நாட வேண்டும்.

காய்ச்சல் என்று கூறி வருவோருக்கு வைத்தியரின் துண்டின்றி இம்மாத்திரைகளை வழங்காதிருப்பது மருந்தகங்களை நடத்துவோரின் கடமை என்பதையும் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.