கண்டிகோட்டா: வேடிக்கை பார்க்க வந்த பள்ளத்தாக்கா, எதிரியைத் தடுக்க வந்த அகழியா?

திருவண்ணாமலையை ஒட்டியுள்ள வேங்கிக்காலில் யாரையாவது நிறுத்தி, "ஒரே நாளில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வர நல்ல இடம் எது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று சாத்தனூர் அணை, இன்னொன்று செஞ்சிக் கோட்டை. இந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் இரண்டுமே தேவைப்படும்.

சாத்தனூர் அணை நிற்பது தென்பெண்ணை ஆற்றில். அது என்ன "தென்" பெண்ணை? வடக்கே இன்னொரு பெண்ணை இருக்கிறது என்பதுதான் காரணம். இரண்டுமே கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கின்றன. தெற்கே வருவது கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று ஓடிக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. வடக்கே போவது ஆந்திராவின் ராயலசீமைக்குள் நுழைந்து நெல்லூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. போகிற வழியில், ஜம்மலமடுகு என்ற ஊருக்குப் பக்கத்தில், எர்ரமலைக் குன்றுகளை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. அந்த இடம்தான் கண்டிகோட்டா. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு, 'கோட்டா' என்றால் கோட்டை. பெயரிலேயே விஷயம் முடிந்துவிட்டது!

இப்போது இதை "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ஒப்பீடு கொஞ்சம் அதிகம்தான். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள அசல் கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கண்டிகோட்டாவில் ஆழம் சுமார் 300 அடி. அதற்காகச் சின்னது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. செம்மண் நிறப் பாறைகள் செங்கல் அடுக்கி வைத்ததுபோல நிற்க, கீழே பச்சையாக ஆறு வளைந்து போகிறது. கேமராவோடு போனவர்கள் விளிம்பை விட்டு நகர மாட்டார்கள்.

ஆனால் ஒரு பள்ளத்தாக்கை வேடிக்கை பார்ப்பது என்பதே மிகச் சமீபத்திய பழக்கம். கிராண்ட் கேன்யனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1540-ல் கார்டெனாஸ் என்ற ஸ்பானியத் தளபதியின் ஆட்கள் அதன் விளிம்புக்கு வந்தார்கள். தண்ணீருக்காகக் கீழே இறங்க மூன்று நாள் முயன்று, முடியாமல் திரும்பினார்கள். 1858-ல் வந்த ஐவ்ஸ் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, பைசாவுக்குப் பிரயோசனம் இல்லாத இடம், இனி யாரும் இங்கே வரப்போவதில்லை என்ற பொருளில் அறிக்கை எழுதினார். (பாவம், ஜோசியம் பலிக்கவில்லை.) 1901-ல் ரயில் பாதை வந்த பிறகுதான் கூட்டம் வந்தது. தேசியப் பூங்காவானது 1919-ல். அதுவரை வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது வழியை மறிக்கும் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

கண்டிகோட்டாவில் அந்த வழிமறிக்கும் குணம்தான் மூலதனம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, கீழே ஆறு. இயற்கையே அகழி வெட்டிக் கொடுத்துவிட்டது. மற்ற பக்கத்துக்கு மட்டும் மதில் கட்டினால் போதும். விஜயநகரக் காலத்தில் இது பெம்மசானி நாயக்கர்களின் இடம். கிருஷ்ணதேவராயருக்காக 1520-ல் ராய்ச்சூர்ப் போரில் சண்டை போட்ட பெம்மசானி ராமலிங்க நாயுடு இந்தக் குடும்பத்துக்காரர்தான். கோட்டைக்குள் மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், குளங்கள், பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் இருக்கின்றன. மாதக்கணக்கில் முற்றுகை போட்டாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை என்ற கணக்கு.

அந்தக் கணக்கு ஏன் பொய்த்தது?

1640-களில் விஜயநகரத்தின் கடைசி அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கர் வேலூரை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தார். வேங்கிக்கால் வழியாகப் போகிறதே வேலூர் ரோடு, அதே வேலூர்தான். தெற்கே இருந்த நாயக்கர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வடக்கிலிருந்து பீஜப்பூர், கோல்கொண்டா என்று இரண்டு சுல்தான்களின் படைகள் இறங்கின. 1648 முடிவில் செஞ்சி பீஜப்பூர் கைக்குப் போனது. 1650-ல் கண்டிகோட்டா கோல்கொண்டா கைக்குப் போனது. செஞ்சியை வெறும் மூன்று மலைக்கோட்டையாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, அதற்கு ஒரு ஜோடி இருப்பது தெரிவதில்லை. ஒரே சரிவின் இரண்டு படிகள் இவை.

கண்டிகோட்டாவைப் பிடித்தவர் மீர் ஜும்லா. ஈரான் நாட்டு இஸ்பஹான் பக்கத்தில் ஏழையாகப் பிறந்து, வைர வியாபாரத்தில் நுழைந்து, கோல்கொண்டா சுல்தானின் முதன் மந்திரியாக உயர்ந்தவர். வைரச் சுரங்கம், கப்பல், பீரங்கிப்படை எல்லாம் சொந்தம். கோட்டை விழுந்ததற்கு நஞ்சு, துரோகம் என்று உள்ளூரில் கதைகள் உண்டு. ஆனால் பிரெஞ்சு வியாபாரி தாவெர்னியே இன்னொரு காரணம் சொல்கிறார். டச்சுக்காரர்களிடமிருந்து ஓடிவந்த பிரெஞ்சு பீரங்கிக்காரர்களும் வேறு சில ஐரோப்பியர்களும் மீர் ஜும்லாவின் படையில் இருந்தார்களாம். ஆறு வெட்டிய அகழி குதிரையைத் தடுக்கும், யானையைத் தடுக்கும். குண்டைத் தடுக்குமா?

இந்தத் தாவெர்னியேவின் வருகை சுவாரசியமானது. 1652-ல் நகை விற்பதற்காகச் சென்னையிலிருந்து கிளம்பிக் கண்டிகோட்டா வந்தார். சுல்தானுக்கு விற்கும் எதையும் முதலில் மீர் ஜும்லாவிடம் காட்ட வேண்டும். மேலே ஏற ஒரே ஒரு பாதைதான் என்றும், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதலபாதாளம் என்றும் எழுதியிருக்கிறார். உச்சியில் நெல்லும் தினை வகைகளும் விளைந்தனவாம். மீர் ஜும்லா உட்கார்ந்து வேலை பார்த்த விதம்தான் உச்சம். கால்விரல் இடுக்கிலும் இடதுகை விரல் இடுக்கிலும் கடிதங்களைச் செருகிக்கொண்டு, ஒன்றொன்றாக உருவிப் படித்து, ஒரே சமயத்தில் இரண்டு எழுத்தர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம்!

இன்னொரு செய்தி அவ்வளவு சிரிப்பாக இல்லை. பீரங்கி வார்க்கச் செம்பு வேண்டும் என்று கோயில்களில் இருந்த செம்புச் சிலைகளைத் திரட்டிக் கண்டிகோட்டாவுக்குக் கொண்டுவந்தார் மீர் ஜும்லா. வார்க்கும் பொறுப்பு மாயீ என்ற பிரெஞ்சுக்காரருக்கு. ஒரு கோயிலின் ஆறு சிலைகள் மட்டும் என்ன செய்தும் உருகவில்லை என்கிறார் தாவெர்னியே. அடுப்பில் சூடு போதவில்லையா, மாயீக்கு வேலை தெரியவில்லையா, யார் கண்டது! கடைசியில் உருப்படியாக ஒரு பீரங்கிகூடத் தேறவில்லை. அழிந்த சிலைகள் அழிந்ததுதான்.

மீர் ஜும்லாவும் அங்கே நிலைக்கவில்லை. சுல்தானோடு பகை முற்றி, முகலாயர் பக்கம் தாவி, ஔரங்கசீப்பின் வங்காள ஆளுநராகி, அசாம் படையெடுப்பு முடிந்து 1663-ல் இறந்தார்.

வேங்கிக்காலிலிருந்து கண்டிகோட்டா ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வேலூர், சித்தூர், கடப்பா என்று போக வேண்டும், அதனால் முந்தின இரவே கிளம்பினால்தான் ஒரு பகல் முழுதாகக் கிடைக்கும். அந்தப் பகலில் முதலில் கோட்டையைப் பார்த்துவிடுவது நல்லது, பள்ளத்தாக்கு சாயங்கால வெயிலில்தான் அழகு. களஞ்சியமும் ஜும்மா மசூதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மாதவராயர் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். உள்ளே மண்டபத்துத் தூண்களில் சிற்பங்கள் நிறைய. கருவறையில் மூலவர் இல்லை.