காரில் திடீரென எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? முதலில் நிறத்தைப் பாருங்கள்

விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டியரிங்கிற்குப் பின்னால் திடீரென ஒரு விளக்கு எரிகிறது. "வீடு வரைக்கும் ஓட்டிடலாமா?" என்று மனம் கேட்கும். பதில், விளக்கின் நிறத்தில் இருக்கிறது.

மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால்?

கார் வழக்கம்போல் ஓடினால் பதற வேண்டாம். பெட்ரோல் மூடியைச் சரியாக மூடாததுகூடக் காரணமாக இருக்கலாம். மூடிய பிறகும் விளக்கு அணையாவிட்டால் தள்ளிப்போடாமல் பட்டறையில் காட்டுங்கள்.

அதே விளக்கு விட்டுவிட்டு மின்னினால்?

எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். அதை மாற்றச் செலவு அதிகம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால்?

எண்ணெய்க் குவளை அல்லது வெப்பமானிச் சின்னம் சிவப்பாக எரிந்தால் வீடு வரை ஓட்டும் எண்ணமே வேண்டாம். பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் சில நிமிடம் ஓட்டினாலே எஞ்சின் பாழாகலாம். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு அடிக்கும்.

விரைவுச்சாலையில் கார் நின்றுவிட்டால்?

அபாய விளக்குகளைப் போடுங்கள். கவனமாக இறங்கி, சாலைத் தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம், விரைவுச்சாலைக்கு வெளியே குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்குக் காரை இலவசமாக இழுத்துச்செல்லும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு.