பார்த்ததைச் செய்யாத கை

பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் சார்கோவிடம் பயின்ற ஜில் த லா தூரெத், தம்மையறியாமல் துள்ளும் ஒன்பது நோயாளிகளைப் பற்றி 1885-இல் எழுதினார். அவர்களில் சிலர் பிறர் பேச்சையும் அசைவையும் அப்படியே திருப்பிச் செய்தார்கள். இதை ஏதோ ஒன்று கூடுதலாகப் புகுந்துவிட்ட நோயாகப் பார்க்கத் தோன்றலாம். எனக்கோ இது, பார்த்ததைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒரு காவல் தளர்ந்ததன் விளைவாகத் தெரிகிறது. அதே மருத்துவமனையின் பிரான்சுவா லெர்மித் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. மூளையின் முன்மடல் பழுதான நோயாளியின் எதிரே அமர்ந்து, எதுவும் சொல்லாமல், லெர்மித் கால்மேல் கால் போடுவார், ராணுவ வணக்கம் வைப்பார், தாளை மடித்து உறையில் இடுவார். நோயாளியும் அப்படியே செய்வார்.

மருத்துவர் எதிர்பார்க்கிறார் என்று எண்ணி, மரியாதைக்காகச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நோயாளிகளில் பலரால் நிறுத்த முடியவில்லை. அதே சூழலில் அமர்ந்த நலமானவர்கள் அப்படித் திருப்பிச் செய்யவில்லை. எனினும் 1996-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைத் தேடியபோது, முன்மடல் நோயாளிகளில் சிறுபான்மையினரிடமே இது தென்பட்டது. இதனால் என் கருத்து வீழ்ந்துவிடவில்லை. காவல் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை என்றுதான் ஆகிறது. 2009-இல் லண்டன் ஆய்வாளர்கள் குரங்கு மூளையிலேயே அந்தக் காவலைக் கண்டார்கள். தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்களில் சில, குரங்கு தானே பொருளைப் பற்றும்போது துடித்தன. பிறர் பற்றுவதைப் பார்க்கையில் அடங்கிப்போயின.