நாற்காலியின் விலை

அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து பணி செய்வோர்க்கென்றே செய்யப்படும் நாற்காலிகள் இன்று பல ஆயிரம் வெள்ளிக்கு விற்கப்படுகின்றன. இருக்கை உயரும், தாழும்; முதுகுச் சாய்வு வளைந்து கொடுக்கும்; கைப்பிடிகள் வேண்டிய பக்கம் நகரும். 2025ஆம் ஆண்டில் மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அவ்வூதியம் பெறும் ஒருவரின் பல மாத உழைப்பு இத்தகைய நாற்காலி ஒன்றின் விலைக்குச் சமமாகும். இவ்வளவு பணம் கொடுப்பது தகுமா என்னும் வினா எழுவது இயல்பே. வாணிகர் ஒரு விடை கூறுவர்; மருத்துவர் மற்றொரு விடை கூறுவர். வரலாறோ முதலில் விடை கூறாது, 'நாற்காலி யாருக்கு?' என்று எதிர்வினா ஒன்றையே எழுப்பும்.

அவ்வெதிர்வினாவை ஆராய்வதற்குப் பேராக் மாநிலத்தின் லூமுட் வட்டாரம் மிகவும் ஏற்ற இடமாகும். 1874ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள், பாங்கோர் தீவையடுத்து நின்ற 'புளூட்டோ' என்னும் கப்பலில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பயனாக லூமுட்டும் பாங்கோரும் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்தது. 1935இல்தான் அது பேராக்கிற்குத் திரும்பியது. 1903இல் சித்தியவானில் சீனக் கிறித்தவர்கள் குடியேறினர். ரப்பர் பரவியது. ஆயர் தாவார், புண்டுட் முதலிய சுற்றுப்புறங்களில் தோட்டங்கள் எழுந்தன. தமிழர் அங்கே பால்மரம் வெட்ட வந்தனர். நாற்காலிக்கும் இவ்வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று வியப்போர், நாற்காலி எப்பொருள்களால் ஆயது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரம்பு இந்நாட்டுக் காட்டில் விளைந்தது. மெத்தைக்குரிய ரப்பர்ப் பால் தோட்டத்தில் வடிந்தது. பிற்காலத்தில் அந்த ரப்பர் மரமே பலகையாயிற்று.

முதலில் பிரம்பின் கதையைக் காண்போம். மலாய்த் தீவுகளின் காடுகளில் வெட்டப்பட்ட பிரம்பு, சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. வியன்னாவில் தோனெட் என்பார் 1859இல் வெளியிட்ட வளைமர நாற்காலியின் இருக்கை பிரம்புப் பின்னலால் ஆனது. பிரித்து அடுக்கினால் முப்பத்தாறு நாற்காலிகள் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் அடங்கிவிடும். அதனால் விலை குறைந்தது. ஐந்து கோடிக்கு மேல் விற்பனையானதாகக் கூறுவர். அவ்வகை நாற்காலிகளே ஈப்போவிலும் பிற ஊர்களிலும் இருந்த கோப்பிக் கடைகளில் பளிங்கு மேசைகளைச் சூழ்ந்து நின்றன. காட்டிலிருந்து போன பிரம்பு கடல் கடந்து நாற்காலியாகித் திரும்பி வந்த இக்கதையில், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே வகை இருக்கை கிட்டிய இடம் கோப்பிக் கடை ஒன்றுதான் போலும்.

தோட்டத்தில் நிலை வேறு. துரையின் பங்களாத் தாழ்வாரத்தில் ஒரு நீண்ட சாய்வு நாற்காலி இருக்கும். அதன் கைச்சட்டங்கள் இருக்கையைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். கால்களை அவற்றின் மேல் நீட்டிக் கொள்ளலாம். தோட்டக்காரர் நாற்காலி என்றே ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். மாலையில் அதில் சாய்ந்து 'ஸ்தெங்கா' அருந்துவது துரைமார் வழக்கம். ஈண்டு ஒன்று கூறாமல் விட இயலவில்லை. அந்நாற்காலி உடலுக்கு நல்லதே! 1960களில் சுவீடன் நாட்டு மருத்துவர் நாஹெம்சன், முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டத்தட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். முதுகு பின்னால் சாயச் சாய அவ்வழுத்தம் குறைவதை அவரும் அவர் வழி வந்தோரும் கண்டனர். துரையின் நாற்காலி அறிவியல் தோன்றுமுன்பே அறிவியலுக்கு இசைந்திருந்தது. ஆனால் அதில் சாய்ந்த முதுகு அன்று முழுதும் குனிந்த முதுகன்று.

குனிந்த முதுகு வெளியில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்து பால் வெட்டும் ஆணும் பெண்ணும், வெட்டு கீழ்நோக்கி இறங்க இறங்கத் தாமும் குனிந்தனர்; அடிமரத்தருகே வெட்டுங்கால் குந்தினர். பிறகு வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தனர். அலுவலகத்தில் கிராணிக்கு நாற்காலி உண்டு. சம்பள நாளில் அவர் முன் நிற்போர்க்கு இல்லை. உட்காருவதும் நிற்பதும் உடலின் வசதியைப் பொறுத்தவை என்று நாம் எண்ணுகிறோம். தோட்டத்தில் அவை தகுதியைக் காட்டும் குறிகள். 1941ஆம் ஆண்டில் சிலாங்கூர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படிப்போர் இதை உணர்வர். ஊதிய உயர்வோடு, துரைமாரையும் அலுவலரையும் கண்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மிதிவண்டியின் இருக்கையில் அமர்ந்தபடியே கடந்து செல்லும் உரிமைக்காக மனிதர் போராடினர். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

தமிழ் ஆசிரியர்க்கு இங்கே புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டுச் செய்தி நினைவுக்கு வரலாம். முரசுக்குரிய கட்டிலென்று அறியாது அதன்மேல் உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தண்டியாமல், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசினான். தகுதிக்கென்று வைத்த இருக்கையில் களைத்த உடல் ஒன்று சாய்ந்தபோது, அரசன் உடலின் பக்கம் நின்றான். தோட்டங்களில் அத்தகைய சேரமான்களைக் காண்பது அரிது.

நாற்காலி இன்றியே பெரும் வாணிகம் நடந்த இடமும் இந்நாட்டில் உண்டு. பினாங்கிலும் ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கிட்டங்கிகளில், மேலாள் முதல் பெட்டியடிப் பையன் வரை அனைவரும் தரையில்தான் அமர்ந்தனர். எதிரே சரிந்த மூடியுடைய மரப்பெட்டி, அதன்மேல் பேரேடு, பின்னால் சாயத் திண்டு. தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் கடன் பெற்ற கணக்குகள் அப்பெட்டிகளின் மேலேதான் எழுதப்பட்டன. தரையில் அமர்ந்தோர்க்கு முதுகு வலித்ததே இல்லை என்று இக்காலத்தில் சிலர் பெருமை பேசுவர். அது மிகை. ஆயினும் தரையில் இருப்பவர் ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதில்லை; காலை மாற்றுவார், திண்டில் சாய்வார், எழுந்து பெட்டகத்திற்குப் போய் வருவார். அவரைக் கட்டிப்போடும் இருக்கை அங்கே இல்லை.

உட்கார்ந்தே இருப்பதன் கேட்டை மருத்துவம் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது. இத்தாலிய மருத்துவர் ரமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் நோய்களுக்கும் இடம் தந்தார். உழைப்பின் அறிவியல் என்னும் பொருளில் 'எர்கோனமி' என்னும் சொல்லை 1857இல் போலந்து அறிஞர் யாஸ்சிம்போவ்ஸ்கி ஆண்டார். 1949இல் இங்கிலாந்தில் அத்துறைக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. தமிழில் அதைப் பணிச்சூழலியல் என்பர். 1953இல் மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு எளிமையிலும் எளிமை. இலண்டன் மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே இருக்கும் ஓட்டுநரைவிட, படியேறி இறங்கும் நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. ஓட்டுநரின் இருக்கை எத்துணை நேர்த்தியாக இருந்தாலும், படிகள் செய்யும் வேலையை அது செய்திராது.

இடையில் ரப்பர் நாற்காலிக்குள் புகுந்தது. 1929இல் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரையாக அடித்து மெத்தையாக்கும் வழியைக் கண்டனர். அதன் பின் பேருந்துகளிலும் அரங்குகளிலும் அலுவலகங்களிலும் இருக்கைகள் மெத்தென்றாயின. மலாயாத் தோட்டங்களில் குந்தி வெட்டியவர் வடித்த பால், அவர் கண்டிராத நகரங்களில் பிறர் அமரும் மெத்தையாயிற்று.

மரத்தின் கதை இன்னும் பிந்தியது. ஏறத்தாழ முப்பது ஆண்டு பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை முன்பெல்லாம் வெட்டி எரிப்பர். அல்லது புகைவீட்டுக்கு விறகாக்குவர். பூச்சியும் பூசணமும் எளிதில் பற்றும் மரம் அது. மருந்து ஏற்றி உலர்த்தும் முறைகள் கைவந்த பின், 1980கள் தொட்டு அது நாற்காலியாகவும் மேசையாகவும் உருமாறி ஏற்றுமதியாயிற்று. ஜொகூரின் மூவார் நகர் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் தமிழர் அவற்றை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. பேராக் தோட்டங்களிலிருந்து வெளியேறியோரின் பிள்ளைகளுள் பலர் இன்று கணினி முன் அமர்ந்திருக்கின்றனர். பாட்டனுக்குக் கிட்டாத நாற்காலி பேரனுக்குக் கிட்டியது. அதில் எட்டு மணி நேரம் இருக்க வேண்டிய கட்டாயமும் உடன் கிட்டியது. ஆகவே 'தகுமா?' என்னும் வினா இன்று நம்மவர்க்கும் உரியதாயிற்று.

விலையுயர்ந்த நாற்காலிகளுள் புகழ் பெற்றது ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'ஏரோன்'. அதை வடிவமைத்த ஸ்டம்ப், சாட்விக் ஆகிய இருவரும் அதற்கு முன் முதியோர் நெடுநேரம் அமர்வதற்கேற்ற நாற்காலியை ஆராய்ந்தவர்கள். நுரைமெத்தையை விலக்கி வலைத்துணியை இழுத்துக் கட்டினர். ஆளின் அளவுக்கேற்ப மூன்று அளவுகளில் செய்தனர். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் வாங்கியவர் யார்? இணைய வாணிகத்தில் திடீர்ச் செல்வம் சேர்த்த அமெரிக்க நிறுவனங்கள் தம் வளத்தைக் காட்ட அதை வரிசை வரிசையாக வாங்கின. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனங்கள் கவிழ்ந்தபோது அதே நாற்காலிகள் ஏலத்தில் மலிவாகப் போயின. முதியோரின் முதுகுக்காகத் தொடங்கிய எண்ணம், துரையின் தாழ்வாரத்துக்கே மீண்டும் போய்ச் சேர்ந்தது.

அவ்வாறாயின் விலைக்கேற்ற பயனே இல்லையா? உண்டு; அதற்குச் சான்றும் உண்டு. 2003இல் அமெரிக்காவில் ஓர் அரசு வரித்துறை ஊழியரிடையே நடந்த ஆய்வு வெளியாயிற்று. பலவாறு திருத்தி அமைக்கத்தக்க நாற்காலியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றோர்க்கு உடல்வலி குறைந்தது. பயிற்சி மட்டும் பெற்றோர்க்கு அவ்வளவு குறையவில்லை. அவர்கள் வசூலித்த வரியும் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடியதாகக் கணக்கிட்டனர். நாற்காலி நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு ஆதலின், அவ்வெண்ணைச் சற்று எச்சரிக்கையோடு கொள்வதே தகும். எனினும் பயிற்சி இன்றி நாற்காலியை மட்டும் கொடுத்துப் பார்த்த குழு அவ்வாய்வில் இல்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. பல ஆயிரம் வெள்ளி நாற்காலியை வாங்கி, அதன் நெம்புகோல்களில் ஒன்றையும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்போர் எத்தனை பேர்!

மற்றோர் ஆய்வு இதனினும் சிறந்தது. 2007இல் வெளியான அவ்வாய்வு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் 277 தையல் தொழிலாளரைப் பற்றியது. அவர்களுட் பெரும்பாலோர் பிழைப்புக்காகக் குடியேறியவர்கள். கழுத்திலும் தோளிலும் வலியோடு வேலை செய்தவர்கள். இருக்கை வளைவாக அமைந்த, உயரம் மாற்றத்தக்க நாற்காலி தரப்பட்டோர்க்கு நான்கு மாதங்களில் மற்றவரைவிட வலி தெளிவாகக் குறைந்தது. தலைவர் அறைக்குரிய ஆடம்பரம் எதுவும் அந்நாற்காலியில் இல்லை. வேலைக்கு ஏற்ற வளைவும் உயரமுமே இருந்தன. எந்த உடல் மிகுதியாக வருந்துகிறதோ, அங்கே செலவிடும் வெள்ளிதான் மிகுந்த பயன் தருகிறது. நாள் முழுதும் இருக்கையை விட்டு எழ இயலாத எழுத்தர்க்கும் தையற்காரர்க்கும் நல்ல நாற்காலி வாங்கும் முதலாளி பணத்தை வீணாக்கவில்லை. கூட்டத்துக்கும் வெளியூருக்கும் போய் வரும் மேலாளர்க்கு அதையே வாங்குவது பெரும்பாலும் அணிகலன் வாங்குவது போன்றதே.

சட்டமும் இவ்வழியில் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்று இங்கிலாந்து 1899இல் சட்டம் இயற்றிற்று. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும், கடை ஊழியர்க்கு இருக்கை தர வேண்டும் என்று தத்தம் கடைகள், நிறுவனங்கள் சட்டங்களைத் திருத்தின. சென்னைத் துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்போரின் வாழ்வை 2010இல் வந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் ஏற்கெனவே காட்டியிருந்தது. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தை ஒட்டி, பணியிட இருக்கைகளுக்கெனத் தனி வழிகாட்டி நூல் ஒன்று 2003இல் வெளியாயிற்று. ஏரோனின் நுணுக்கங்களைப் பற்றி விவாதிப்போர் ஒரு பக்கம் இருக்க, உட்கார ஒரு முக்காலியாவது வேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டோர் மறுபக்கம் இருக்கின்றனர்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும். பள்ளி என்று பெயர் பெற்ற கொட்டகைகளில் பிள்ளைகள் தரையிலும் நீண்ட பலகைகளிலும் நெருக்கியடித்து அமர்ந்தனர். இன்று ஒவ்வொருவர்க்கும் தனி நாற்காலி உண்டு. எனினும் ஏழு வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே உயரத்தில் அமரும் வகுப்பறைகளில், ஒருவனுக்குக் கால் தரையில் எட்டாது. மற்றவனுக்கு முழங்கால் மேசையில் இடிக்கும். டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் மண்டால், 1970களில் பள்ளிப் பிள்ளைகள் அமரும் முறையைப் படம் பிடித்து ஆராய்ந்தார். பிள்ளைகள் நாற்காலியின் பின்கால்களைத் தூக்கி, முன்கால்களில் ஊன்றி மேசையை நோக்கிச் சாய்வதை அவர் கண்டார். ஆசிரியர் கண்டால் அதட்டும் செயல் அது. இருக்கை முன்புறம் சற்றுச் சரியும்போது இடுப்பு நிமிர்ந்து முதுகின் வளைவு காக்கப்படுகிறது என்றும், பிள்ளையின் உடல் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது என்றும் அவர் எழுதினார். அதன்பின் அவர் வகுத்த இருக்கைகள் உயரமாகவும் முன்புறம் சரிந்தும் அமைந்தன.