உப்பு–சர்க்கரைக் கரைசல்

காலரா கண்டவரின் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. உடம்பின் நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். உப்போடு குளுக்கோசும் சேர்த்துக் கொடுத்தால், பேதி நிற்காதபோதும் குடல் இரண்டையும் நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். 1968இல் டாக்காவில் மருத்துவர்கள் டேவிட் நேலினும் ரிச்சர்ட் காஷும் நோயாளிகளிடம் இதன் பலனைக் காட்டினர். ஆனாலும் டாக்டர் பக்கத்தில் இல்லாமல் இதைக் கொடுக்கப் பலர் தயங்கினர்.

1971இல் அந்தத் தயக்கத்துக்கு நேரமில்லாமல் போயிற்று. வங்கதேசப் போரால் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வர, மேற்கு வங்கத்தின் போங்கானில் காலரா பரவியது. அங்கிருந்த மருத்துவமனையில் காலராவுக்கு இரண்டே அறைகள், 16 படுக்கைகள். கொல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மகலனாபிஸ், தரையெங்கும் கிடந்த வாந்தி பேதியில் மண்டியிட்டுத்தான் நோயாளிகளுக்கு சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது.

அதனால் அவர் குடிக்கும் கரைசலுக்கு மாறினார்: லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனக் கணக்கிட்டார். அவர் பணிபுரிந்த ஆய்வு மையத்தின் நூலக அறையில் இவற்றை நிறுத்து, பிளாஸ்டிக் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். அகதிகள் முகாமில் டிரம்களில் கரைத்தார்கள். குவளையில் பிடித்துப் புகட்டியவர்கள் தாயும் கணவனும் உடன்பிறந்தாரும்தான். கலவையைவிட, அந்தக் குவளையை வீட்டாரிடம் ஒப்படைத்த துணிவே பெரிது என்பேன். லிட்டருக்கு 11 பைசா செலவானது. சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. முகாமை நேரில் பார்த்த உலக சுகாதார நிறுவன அதிகாரி திமான் பருவா, தம் நிறுவனத்தில் இம்முறைக்காக வாதாடினார்.

பொட்டலம் எட்டாத கிராமங்களுக்கு, வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் அடுப்படிச் சரக்கையே மருந்தாக்கியது: மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பத்தாண்டுகளில் பெண் ஊழியர்கள் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், தாய்மாரையே கரைக்கவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் தாய் பின்னால் எத்தனை குறிப்புகளை நினைவில் வைத்திருந்தாள் என்பதைப் பொறுத்தே ஊழியருக்குக் கூலி.

ஆனால் கற்ற வீடுகளிலும் தொடக்கத்தில் கரைசல் புழங்கவில்லை. விசாரித்தபோது, கற்றுக்கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கையில்லை என்பது தெரிந்தது. அது உடம்பில் வேலை செய்யும் விதத்தை முதலில் அவர்களுக்கு விளக்கினார்கள். அதுவரை ஒதுக்கிவைத்திருந்த ஆண்களிடமும் சந்தையிலும் மசூதியிலும் போய்ப் பேசினார்கள்.