இரும்பு பம்பர் போய் பிளாஸ்டிக் வந்த கதை

அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் பம்பர் என்றால் இரும்புதான். மேலே கண்ணாடி மாதிரி குரோம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு நெரிசலில் யாராவது இடித்தால் பம்பர் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். டிங்கரிங் கடையில் கழற்றித் தட்டி நிமிர்த்தி மாட்டிவிடுவார்கள். ஒரே பம்பர் மூன்று முதலாளிகளிடம் உழைத்திருக்கிறது.

அதற்கு எமன் இடி அல்ல, உப்புக்காற்று. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே பளபளவென்று இருக்கும்; உட்புறம் குரோம் சரியாக ஏறாததால் துரு அங்கிருந்துதான் தின்ன ஆரம்பிக்கும். பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் தொட்டு உள்ளே தடவி வைப்போம். மழைக்காலத்துக்கு முன் அது ஒரு சடங்கு.

வெளிநாட்டில் அப்போதே காற்று மாறிவிட்டது. 1972-இல் பிரான்சில் வந்த ரெனோ 5 காருக்கு பிளாஸ்டிக் பம்பர். அமெரிக்காவில் 1973 மாடல் கார்களிலிருந்து ஒரு விதி: மணிக்கு 5 மைல், அதாவது நம் கணக்கில் 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் மோதினாலும் விளக்கு முதலியவை கெடக்கூடாது. கம்பெனிகள் முனகின. 1982-இல் அதை இரண்டரை மைலாகக் குறைத்தார்கள்.

நம் மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை வந்து, 1999-இல் ஐகான் கார் வெளியானபோது, பம்பர் பாடியோடு பாடியாக அதே நிறத்தில் இருந்தது. ‘இதில் என்னய்யா பலம் இருக்கிறது?’ என்று விரலால் தட்டிப் பார்த்தவர்கள் பலர். நாம் தட்டியது வெறும் மேலுறை. அடியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பழைய இரும்பு வளையாமல் நின்று, அடியை அப்படியே வண்டிக்கும் உள்ளே இருப்பவருக்கும் அனுப்பியது. புதியது தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது.

நசுங்கியதை மாற்றப் போனால்தான் வெளிக்கடை சமாசாரம் வருகிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் ‘கம்பெனி ஐட்டமா, லோக்கலா?’ என்பார்கள். விலை வித்தியாசம் மயக்கும். எங்கள் வீட்டிலேயே இரண்டும் இருந்தன. மகன் காருக்கு லோக்கல். திருக்கழுக்குன்றம் ரோட்டு வேகத்தடைகளில் ஏறி இறங்கி, ஒரு வருஷத்துக்குள் ஓரத்துக் காதுகள் உடைந்து, மட்கார்டுக்கும் பம்பருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் அடிக்காததால் பெயிண்ட் தோல் உரிந்தாற்போல் வந்தது. என் காருக்குப் புதுப்பேட்டையில் வாங்கியது பழைய கம்பெனி பம்பர். ஏழாவது வருஷமாக அசையவில்லை. புது டூப்ளிகேட்டைவிடப் பழைய ஒரிஜினல் மேல் என்பது என் கட்சி. ஃபைபரில் செய்து தருவது கேட்கவே வேண்டாம். அது வளையாது, விரிசல் விடும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். ‘ஜீரோ டெப்' எடுத்தவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை.

பிளாஸ்டிக்கை நம்பாதவர்கள் முன்னால் எவர்சில்வர் பைப் கார்டு மாட்டினார்கள். எங்கள் தெருவில் பாதி வண்டிகளில் இருந்தது. மட்ட ரக எவர்சில்வர், கடற்கரை ஊரில் இரண்டே வருஷத்தில் வெல்டிங் இடங்களில் பழுப்புப் புள்ளி போடும். ஆனால் துருவா பெரிது? அந்த பைப்பை நேராக சேசிஸில் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். நசுங்கவேண்டிய இடம் நசுங்காது. ஏர்பேக் விரியவேண்டிய நேரத்தைக் கணிக்கும் சென்சாரும் குழம்பலாம். வெளியே இருப்பவர் நிலை இன்னும் மோசம். ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிளில் போகிறவர், ஈ.சி.ஆரில் மீன் கூடையோடு குறுக்கே நடக்கிற அம்மா, இவர்கள் மேல் படுவது வளையாத இரும்பு.

2017 டிசம்பர் 7-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது: இந்தக் கார்டுகள் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று. கடைகளில் விற்பனை நின்றபாடில்லை. போலீஸ் சோதனை என்று கேள்விப்பட்டால் கழற்றுவதும், ஒரு மாதம் கழித்து மாட்டுவதுமாக இருந்தார்கள்.

என் மைத்துனர் மட்டும் ஒரேயடியாகக் கழற்றினார். பேரனைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்ட ஆரம்பித்த பிறகு, ஏர்பேக் விஷயத்தை நான் சொன்னதும் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். போல்ட் துளைகளில் துரு ஏறாமல் நானும் அவரும் உட்கார்ந்து ரெட் ஆக்சைடு பூசினோம். பைப்பைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டதில், மாட்டிய கூலிகூடத் தேறவில்லை.